நாற்பது வயசுல ஃபர்ஸ்ட் இயர்

எம்-2 பேப்பர் எழுதின யாருக்கும் கிரீன் தேற்றம் மறந்திருக்காது. வெக்டர் கால்குலஸ் யூனிட்ல கிரீன், காஸ், ஸ்டோக்ஸ்னு மூணு பேர் வரிசையா நிப்பாங்க. ஒரு சதுரத்தையோ, ரெண்டு பரவளையத்துக்கு நடுவுல இருக்கிற பகுதியையோ கொடுத்து, தேற்றத்தைச் சரிபார்னு கேப்பாங்க. ரெண்டு பக்கமும் ஒரே விடை வந்தா முழு மார்க். வரலைன்னா கடைசி வரியில எப்படியாவது வர வெச்சிடுவோம்.

எங்க கிளாஸ்ல லேட்டரல் என்ட்ரியில வந்த ஒரு அண்ணா இருக்கார். டிப்ளமோ முடிச்சு, பல வருஷம் வேலை பார்த்துட்டு, நேரா செகண்ட் இயர்ல வந்து சேர்ந்தார். முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் புது சார்னு நினைச்சு பாதி கிளாஸ் எழுந்து நின்னுச்சு. அதிலிருந்து அவருக்கு அங்கிள்னு பேர். அந்தப் பேரைப் பரப்பினதுல எனக்கும் பங்கு உண்டு.

லேட்டரல்ல வர்றவங்களுக்கு ஃபர்ஸ்ட் இயர் கிடையாது. அதனால எம்-2 படிக்காமலே மேக்ஸும் எலக்ட்ரோமேக்னடிக்ஸும் வந்து தலையில விழும். ஒருநாள் சாயங்காலம் அந்த அண்ணா நோட்டோட என்கிட்ட வந்து, கிரீன் தேற்றத்தைச் சொல்லிக் கொடுக்க முடியுமான்னு கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். முடிச்சதும், இந்த கிரீன்ங்கிறவர் யாருன்னு கேட்டார். எனக்குத் தெரியல. மூணு வருஷமா அந்தப் பேரை எழுதியிருக்கேன், ஒரு தடவைகூடத் தோணினதில்லை. அன்னிக்கு ராத்திரி தேடிப் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

பேக்கரிக்காரர் மகன்

ஜார்ஜ் கிரீன் 1793-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தில் பிறந்தார். அப்பா பேக்கரி வைத்திருந்தார். அவர் பேரும் ஜார்ஜ் கிரீன்தான். நாட்டிங்ஹாம் அப்போது காலுறையும் லேஸும் செய்கிற ஊர். தொழிலாளிகள் நிறைய, கூலி குறைவு. 1800-ல் ரொட்டி விலை ஏறி ஊரில் கலவரமே நடந்தது. அந்த மாதிரி காலத்திலும் அப்பா கிரீன் தொழிலை விடாமல் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர்.

மகனுக்குக் கணக்கில் ஆர்வம் இருப்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. எட்டு வயதில், 1801-ல், ஊரில் ராபர்ட் குட்ஏக்கர் என்பவர் நடத்திய பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே மொத்தம் நாலு டெர்ம். அடுத்த வருடம், ஒன்பது வயதில், பள்ளியை விட்டு பேக்கரி வேலைக்கு வந்துவிட்டார். அவருடைய பள்ளிப் படிப்பு அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அந்த மாதிரி குடும்பத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. நாலு டெர்ம் கிடைத்ததே பெரிய விஷயம்.

1807-ல் அப்பா நகரத்தை ஒட்டியிருந்த ஸ்னென்டன் என்ற கிராமத்தில் மேட்டின் மேல் ஒரு பெரிய செங்கல் காற்றாலை கட்டினார். காற்றாலை என்றதும் நம்ம ஊர் மின்சாரக் காற்றாலையை நினைக்க வேண்டாம். இது காற்றில் இறக்கை சுற்றி, உள்ளே கல் சுற்றி, கோதுமையை மாவாக்குகிற மில். கிரீன் அங்கே வேலைக்குப் போனார். காற்று எப்போது அடிக்கிறதோ அப்போது அரைக்க வேண்டும். பகல், இரவு என்று கணக்கு கிடையாது. மூட்டை ஏற்றணும், கல்லைப் பார்க்கணும், புயல் வந்தால் இறக்கையைக் காப்பாற்றணும். சுமார் இருபது வருடம் அவர் செய்த வேலை இதுதான். வேலைக்கு நடுவில், மில்லின் மேல் தளத்தில் உட்கார்ந்து கணக்குப் படிப்பார் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள்.

மில்லின் மேனேஜர் வில்லியம் ஸ்மித். அவர் மகள் ஜேன். கிரீனும் ஜேனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். 1824-ல் முதல் குழந்தை பிறந்தது. மொத்தம் ஏழு குழந்தைகள். ஆனால் கடைசி வரை கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மேனேஜர் மகளைக் கட்டினால் சொத்து கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டதாகக் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும், இந்த விஷயம் பின்னாடி கேம்பிரிட்ஜில் ஒரு விசித்திரமான இடத்தில் வந்து நிற்கும். ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஐம்பத்தொரு பேர் வாங்கின புத்தகம்

1823-ல், முப்பது வயதில், கிரீன் நாட்டிங்ஹாமின் சந்தா நூலகத்தில் உறுப்பினர் ஆனார். லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் அங்கே வரும். ஆனால் அவருக்குத் தேவைப்பட்ட கணக்கு பெரும்பாலும் பிரான்ஸில் இருந்தது. லாப்லாஸ், பாய்சான், கூலும் இவர்கள் எழுதியதை அவர் படித்திருந்தார். அந்த நாளில் இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இதையெல்லாம் முழுசாகப் படித்தவர்கள் குறைவு. நியூட்டன் மேல் இருந்த பக்தியில், அவருடைய பழைய குறியீட்டையே ரொம்ப காலம் பிடித்துக்கொண்டு, ஐரோப்பாவை விட்டுப் பின்தங்கியிருந்தார்கள்.

1828-ல் கிரீன் ஒரு புத்தகம் வெளியிட்டார். மின்சாரம், காந்தம் ஆகியவற்றின் கோட்பாடுகளில் கணிதப் பகுப்பாய்வைப் பயன்படுத்துவது பற்றிய கட்டுரை. எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. நாலு டெர்ம் படித்த மில்காரர் எந்த முகத்தோடு அனுப்புவார்? முன்பணம் கட்டி வாங்குகிறவர்களைச் சேர்த்து, சொந்த ஊரிலேயே அச்சடித்தார். விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். வாங்கினவர்கள் 51 பேர். அதில் பலர் அந்த நூலக உறுப்பினர்கள். தெரிந்தவர், மரியாதைக்காக வாங்கியிருப்பார்கள். உள்ளே இருப்பது புரிந்தவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

உள்ளே அப்படி என்ன இருந்தது? பொட்டென்ஷியல் என்று நாம் தினமும் சொல்கிற வார்த்தையை அந்த அர்த்தத்தில் பயன்படுத்தியது இந்தப் புத்தகம்தான். ஒரு பருமனுக்குள்ளே நடப்பதையும் அதன் மேற்பரப்பில் நடப்பதையும் இணைக்கிற சமன்பாடு இதில் இருந்தது. நம்ம எம்-2-வில் வரும் ரெண்டு பரிமாண வடிவம் அப்படியே இதில் இல்லை. அது இதோட நெருங்கின சொந்தம்.

அதைவிடப் பெரிய விஷயம் இப்போது கிரீன் சார்பு என்று அழைக்கப்படுகிற யோசனை. இது கேட்டதும் பயமாக இருக்கும், ஆனால் நமக்கு ஏற்கனவே தெரிந்ததுதான். இசிஇ பசங்களுக்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் தெரியும். ஒரு சிஸ்டத்துக்கு ஒரே ஒரு இம்பல்ஸ் கொடுத்து என்ன வெளியே வருதுன்னு பார்த்துட்டா, வேற எந்த இன்புட் கொடுத்தாலும் அந்தப் பதில்களைக் கூட்டி விடை சொல்லிடலாம். சிவில் பசங்களுக்கு இன்ஃப்ளுவன்ஸ் லைன் தெரியும். பாலத்தில் ஒரு யூனிட் லோடை நகர்த்திப் பார்த்து வரைந்துவிட்டால், எந்த லாரி போனாலும் கணக்குப் போடலாம். கிரீன் செய்தது இதையேதான். ஒரு புள்ளியில் மட்டும் மின்னூட்டம் இருந்தால் எங்கெங்கே என்ன நடக்கும் என்று முதலில் கண்டுபிடி. அப்புறம் எல்லாப் புள்ளிகளையும் கூட்டு. 1828-ல் ஒரு மாவு மில்லில் இருந்து இது வந்தது.

ரெண்டு வருடம் பதில் போடாத கடிதம்

அந்த 51 பேரில் ஒருவருக்குப் புரிந்தது. அவர் சர் எட்வர்ட் பிராம்ஹெட். பக்கத்து லிங்கன்ஷயரில் இருந்த நிலக்கிழார். கேம்பிரிட்ஜில் படித்தவர். அங்கே பாபேஜ், ஹெர்ஷல் போன்ற மாணவர்கள் சேர்ந்து பிரெஞ்சுக் கணிதத்தை உள்ளே கொண்டுவர ஆரம்பித்த சங்கத்தில் இவரும் இருந்தார். புத்தகம் வந்த உடனே கிரீனுக்குக் கடிதம் எழுதினார். அடுத்து ஏதாவது எழுதினால் பெரிய சங்கங்களுக்கு நானே அனுப்பி வைக்கிறேன் என்பது விஷயம்.

கிரீன் பதில் போடவில்லை. பெரிய மனிதர் ஏதோ மரியாதைக்காக எழுதியிருக்கிறார், அதை நம்பி உன் மாதிரி ஆள் பதில் எழுதுவது சரியில்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவரும் நம்பிவிட்டார். கிட்டத்தட்ட ரெண்டு வருடம் அந்தக் கடிதம் அப்படியே கிடந்தது. 1830 ஜனவரியில்தான், தயக்கத்தைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு பதில் எழுதினார்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு அறிவு குறைவு இல்லை, நேரம்கூட எப்படியோ கிடைத்தது. இது நமக்கான இடம் இல்லைன்னு யாரோ ஒருத்தர் சொன்ன ஒரு வார்த்தை, ரெண்டு வருடத்தைத் தின்றுவிட்டது. அவர் வாழ்ந்ததே 47 வருடம்.

இதற்கு நடுவில் 1829-ல் அப்பா இறந்துபோனார். சொத்து கைக்கு வந்தது. மில்லை ஓட்டியே ஆகணும் என்ற கட்டாயம் போனது. இதைச் சொல்லாமல் கதையை முடித்தால் பொய்யாகிவிடும். நாற்பது வயதில் படிக்கப் போவதற்கு ஆசை மட்டும் போதாது, வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டும். அவருக்கு அது இருந்தது.

பிராம்ஹெட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1833 முடிவதற்குள் கிரீனின் மூன்று கட்டுரைகள் அவர் மூலமாகக் கேம்பிரிட்ஜ், எடின்பரோ சங்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அதோடு, தான் படித்த கான்வில் அண்ட் கீஸ் காலேஜில் சேரச் சொன்னவரும் அவர்தான்.

பதினெட்டு வயதுப் பசங்களோடு

1833 அக்டோபர். கிரீனுக்கு வயது நாற்பது. பல குழந்தைகளுக்கு அப்பா. கேம்பிரிட்ஜில் இளங்கலை முதலாண்டு. கூடப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பது. ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட ஒருத்தர், அதே ஊரில், மாணவர் அங்கியைப் போட்டுக்கொண்டு லெக்சரில் உட்கார்ந்திருக்கிறார்.

கணக்கு அவருக்குப் பிரச்சினை இல்லை. முதல் வருடமே காலேஜின் கணிதப் பரிசை வாங்கினார். பிரச்சினை லத்தீனும் கிரேக்கமும். மற்ற பசங்க சின்ன வயதிலிருந்து அதைத்தான் மனப்பாடம் பண்ணியிருப்பார்கள். மாவு மில்லில் யார் லத்தீன் சொல்லித் தருவார்கள்? அவர் அதைப் புதுசாகப் படித்துத் தேற வேண்டியிருந்தது. லேட்டரல் என்ட்ரி அண்ணாக்களுக்கு எம்-2 மாதிரி.

இன்னொன்றும் கவனித்தேன். 1833-க்கு அப்புறம் 1837 வரை கிரீனிடமிருந்து புதுக் கட்டுரை எதுவும் இல்லை. மில்லில் இருந்தபோது புத்தகம் எழுதினவர், பல்கலைக்கழகத்துக்கு வந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். டிகிரி என்பது அப்படித்தான். ஏற்கனவே தெரிந்ததை அவர்கள் கேட்கிற வடிவத்தில், அவர்கள் கொடுக்கிற நேரத்தில், எழுதிக் காட்டணும்.

1837 ஜனவரியில் டிரைபோஸ் என்ற கணித இறுதித் தேர்வு. பல நாள் நடக்கும், வேகம்தான் முக்கியம். ரேங்க் வரிசையில் பேர் போடுவார்கள். கிரீன் நான்காவது. ரெண்டாவது வந்தவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். மேட்ரிக்ஸ் என்ற சொல்லைக் கணிதத்துக்குக் கொடுத்தவர். சில்வெஸ்டர் யூதர் என்பதால், சர்ச்சின் கொள்கையில் கையெழுத்துப் போட மாட்டார் என்பதால், அவருக்குப் பட்டமே கொடுக்கவில்லை. நாற்பது வயது மில்காரருக்குத் திறந்த கதவு அவருக்குத் திறக்கவில்லை. அந்த இடத்தை ரொம்பவும் புகழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தேர்வு முடிந்ததும் கிரீன் மறுபடி எழுத ஆரம்பித்தார். கால்வாயில் ஓடும் அலைகள், ஒலி, ஒளி எப்படிப் பிரதிபலிக்கிறது, எப்படி விலகுகிறது என்று 1837-க்கும் 1839-க்கும் நடுவில் மட்டும் ஆறு கட்டுரைகள். 1839-ல் கீஸ் காலேஜ் அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. ஃபெல்லோ என்றால் சம்பளம், தங்க அறை, வேலைக்கு உத்தரவாதம். ஒரே ஒரு நிபந்தனை. ஃபெல்லோ கல்யாணம் ஆகாதவராக இருக்கணும்.

காகிதத்தில் கிரீனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆறு குழந்தைகள் ஊரில் இருந்தார்கள். ஏழாவது 1840-ல் பிறந்தது. ஜேனை அவர் முறைப்படி கட்டியிருந்தால் அந்தப் பதவி கிடைத்திருக்காது. கட்டாததால் கிடைத்தது. அதற்கான விலையை ஊரில் யார் கொடுத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பதவியிலும் அவர் சில மாதங்கள்தான் இருந்தார். உடம்பு சரியில்லாமல் 1840-ல் ஸ்னென்டனுக்கே திரும்பி வந்தார். 1841 மே 31 அன்று இறந்தார். மில்லுக்குப் பக்கத்திலேயே உள்ள செயின்ட் ஸ்டீபன் சர்ச்சில் அடக்கம் செய்தார்கள். ஊருக்கு அவர் படித்துப் பெரிய ஆளான ஒரு மில்காரர், அவ்வளவுதான். என்ன கண்டுபிடித்தார் என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம்

1845-ல் வில்லியம் தாம்சன் என்ற இருபது வயது மாணவர் கேம்பிரிட்ஜில் தேர்வு முடித்துவிட்டு பாரிஸ் கிளம்பிக்கொண்டிருந்தார். கிரீன் என்பவரின் கட்டுரை பற்றி ஒரு குறிப்பை எங்கேயோ படித்திருந்தார், புத்தகம் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கிளம்புவதற்குச் சற்று முன்னால் தன் பயிற்சி ஆசிரியர் ஹாப்கின்ஸிடம் கேட்டார். அவர் அறையிலேயே பிரதிகள் இருந்தன! பாரிஸில் லியுவில், ஸ்டர்ம் போன்ற கணித மேதைகள் அதைப் பார்த்து அசந்துபோனார்கள். தாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த சில விஷயங்கள் பதினேழு வருடத்துக்கு முன்னாடியே அதில் இருந்தன. அந்த மாணவர்தான் பின்னாளில் லார்ட் கெல்வின். அவர் முயற்சியால் 1850-லிருந்து 1854 வரை ஜெர்மனியின் கிரெல் ஆய்விதழில் அந்தப் புத்தகம் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் உலகத்துக்குக் கிரீன் தெரிந்தார்.

இன்று மின்காந்தவியல், நிலநடுக்க அலைகள், ஒலியியல், குவாண்டம் இயற்பியல் என்று கிரீன் சார்பு இல்லாத இடம் குறைவு. 1965-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜூலியன் ஷ்விங்கர், கிரீனின் 200-வது பிறந்தநாளுக்கு, 1993-ல், நாட்டிங்ஹாம் வந்து அவரைப் பற்றிப் பேசினார். அதே வருடம் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டன் கல்லறைக்கு அருகே கிரீனுக்கு நினைவுக்கல் வைத்தார்கள். அந்தக் காற்றாலையையும் பழுதுபார்த்து மறுபடி ஓட வைத்திருக்கிறார்கள். இப்போதும் அங்கே மாவு அரைக்கிறார்கள். கிரீனுக்குத்தான் ஒரு படம்கூட இல்லை. முகம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் படிச்சு முடிச்சுட்டு, மறுநாள் அந்த அண்ணாகிட்ட போய் முழுக் கதையும் சொன்னேன். கெல்வின், நோபல், வெஸ்ட்மின்ஸ்டர்னு நான் பெரிய விஷயமா சொல்லிட்டே போனேன். லேட்டா வந்தாலும் ஜெயிக்கலாம்னு ஒரு கருத்தையும் கடைசியில சேர்த்துவிட்டேன். அவர் பொறுமையாக் கேட்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவர் படிக்கப் போன அந்த வருஷங்கள்ல ஜேன் எப்படிச் சமாளிச்சாங்கன்னு.

எனக்கு அதுக்குப் பதில் தெரியல. கிரீன் தன் உயிலில் ஜேனுக்கும் குழந்தைகளுக்கும் சொத்தை எழுதி வெச்சார்னு மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பினார். அன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைனா அவர் ஊருக்குப் போயிடுவார். வீட்டுல அக்காவும் ஒரு குட்டிப் பாப்பாவும் இருக்காங்கன்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். அவங்க எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இப்போ அங்கிள்னு கூப்பிடுறதில்லை. திங்கட்கிழமை அவர் வந்ததும், பாப்பா எப்படி இருக்கான்னுதான் முதல்ல கேக்கறேன்.